ஆட்சி மாற்றமும் மக்களாட்சியும்

ஆட்சியுரிமை கைமாறிய நாளே மக்களாட்சி பிறந்த நாள் என நாம் எண்ணிவிடுகிறோம். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

1947 ஆகஸ்டு 15க்குப் பின்னரும் சென்னை மாகாணத்தில் நீடித்தது 1946இல் தெரிந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமே. அத்தேர்தலில் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதியுடையோர்க்கே வாக்குரிமை இருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதிகளும் இருந்தன. இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 ஏப்ரலில் மாகாணப் பிரதமரானதும், 1950இல் குடியரசு மலர்ந்தபின் முதலமைச்சராய்த் தொடர்ந்ததும் இச்சட்டமன்றத்தின் துணையுடனேயாம்.

இதனிடையே, அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவரும் கிறிஸ்தவருமான எச். சி. முகர்ஜி போன்றோர் சிறுபான்மைச் சமயத்தார்க்குத் தனி இடங்கள் வேண்டா என்றனர். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1952இல் நிறைவுற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளர்க்கும் இராஜபாளையம் ஆலைத் தொழிலாளர்க்கும் நிலக்கிழார்க்கும் வாக்கு ஒன்றே. 375 இடங்களில் காங்கிரஸ் 152ஐயே பெற்றது. குமாரசுவாமி ராஜாவும் தோல்வியுற்று, ஏப்ரலில் பதவி நீங்கினார்.

அவருக்குப்பின் முதலமைச்சரான இராஜாஜியோ தேர்தலில் நில்லாமல், ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டவர். புதிய முறையின் ஆற்றலும் குறையும் ஒருங்கே வெளிப்பட்டன.

அந்நியர் நீங்குவது விடுதலை. ஆள்வோரை அமைதியாக நீக்கும் உரிமை எளியோர்க்கும் கிட்டுவதே மக்களாட்சி. முன்னையது ஒரே நாளில் வந்தது. பின்னையதை ஒவ்வொரு தேர்தலிலும் நாம் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது. திருச்சபைத் தேர்தல்களும் இதற்கு விலக்கல்ல.