தொண்டையிலும் வாயிலும் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்: வகை அறிவது ஏன் அவசியம்?

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் என நம் டெல்டா ஊர்களில் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வந்தால் உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்வோம். குறையாவிட்டால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவோம். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, தானாகவே சரியாகிவிடும். சிலவற்றுக்கு மட்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணம். அது எந்த வகை என்று அறிவது பிள்ளையின் இதயத்தைக் காக்கும் விஷயம்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

நுண்ணோக்கியில் பார்த்தால் இவை தஸ்பீஹ் மணிகளைக் கோர்த்தது போல வரிசையாகத் தெரியும். தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் வளர்ப்பார்கள். மறுநாள் பார்க்கும்போது:

• ரத்தம் முழுதும் கரைந்து சுற்றிலும் தெளிவாக இருந்தால் பீட்டா வகை.
• பச்சை நிறம் படர்ந்தால் ஆல்பா வகை.
• மாற்றமே இல்லையென்றால் காமா வகை.

பீட்டா வகையை, செல்சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு ஏ, பி, சி எனப் பிரிக்கும் முறையை 1933-ல் அமெரிக்க விஞ்ஞானி ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் தந்தார். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் ஏ பிரிவோடு சி, ஜி பிரிவுகளும் தொண்டையில் காணப்பட்டன.

எது ஆபத்து?

ஏ பிரிவுதான். சிகிச்சை பெறாவிட்டால் சில பிள்ளைகளுக்கு இரண்டு, மூன்று வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகலாம். 5 முதல் 15 வயதினரையே இது அதிகம் தாக்குகிறது.

வாயில் வாழ்பவை பெரும்பாலும் ஆல்பா வகை; நலமாக இருப்பவருக்கு இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மியூட்டன்ஸ் என்ற இனம் இனிப்பை அமிலமாக்கிப் பல்லைச் சொத்தையாக்கும். ஏற்கெனவே வால்வு பழுதானவருக்கோ, வாயிலுள்ள சில இனங்கள் ரத்தத்தில் கலந்து அந்த வால்விலேயே தங்கிவிடலாம். எனவே அவர்கள் பல் பிடுங்கும் முன் மருத்துவரிடம் இதய நோயைச் சொல்லிவிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• காய்ச்சல், விழுங்கும்போது வலி, கழுத்தில் நெறிகட்டு இருந்து, சளியோ இருமலோ இல்லையென்றால் மருத்துவரிடம் காட்டுவோம்.
• பரிசோதனைக்கு முன் நாமாக ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிருமி தட்டில் வளராமல் போகலாம்.
• ஏ பிரிவுக்குப் பென்சிலின் வகை மருந்தே இன்றும் பலன் தருகிறது. மாத்திரையாகக் கொடுத்தால் வழக்கமாக 10 நாள். இரண்டாம் நாளே வலி நின்றாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.
• ஒவ்வொரு தொழுகைக்கும் முன் மிஸ்வாக் செய்வது நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய சுன்னத். அதைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பழக்குவோம். இரவு இனிப்புச் சாப்பிட்டால் பல் துலக்காமல் தூங்க விட வேண்டாம்.

நோயைத் தந்த இறைவன் அதற்கான மருந்தையும் தந்திருக்கிறான். அதை முறையாகப் பயன்படுத்துவது நம் பொறுப்பு. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நீடித்த ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.