நூற்பட்டியலும் கூட்டுழைப்பும்: விக்கி முறையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விக்கி எனப்படும் எழுதுமுறை நூலகங்களிற் புகுந்து இருபது ஆண்டுகளாகின்றன. ஒரு பக்கத்தைப் படிப்பவரே அதனைத் திருத்தலாம். திருத்தங்கள் யாவும் பதிவாகி நிற்கும். பிழை நேரின் முன்னைய நிலைக்கு மீளலாம். நூலகவியலாளர் பலர் இவ்வியல்புகளைத் தொழில்நுட்பப் புதுமையாகவே விபரித்துள்ளனர். ஆயின் கருவி எத்தகைய உழைப்பை ஒழுங்குபடுத்துகின்றது, அவ்வுழைப்பின் பயன் யாருக்கு உரித்தாகின்றது என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து அதன் வரலாற்று முக்கியத்துவம் புலனாகாது. நூற்பட்டியலாக்கத்தின் வளர்ச்சிப் போக்கில் வைத்தே விக்கியை நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

ஒரு நூல் நூறு நூலகங்களை அடையும்போது நூறு பட்டியலாளர் ஒரே வேலையைத் தனித்தனியே செய்த காலம் ஒன்றிருந்தது. 1901ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியதுடன் இந்நிலை மாறலாயிற்று. எனினும் அறிவு மையத்திலிருந்து விளிம்புக்கே சென்றது. 1967இல் ஒகையோ மாநிலக் கல்லூரி நூலகங்கள் இணைந்து ஓ.சி.எல்.சி. என்னும் நிறுவனத்தை அமைத்தன. 1971 ஓகஸ்ட் மாதத்தில் ஒகையோ பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கணினிவழிக் கூட்டுப் பட்டியலாக்கம் ஆரம்பமாயிற்று. நூலை முதலிற் பெறும் நூலகம் அதன் பதிவை எழுதும். ஏனையவை அதனை எடுத்தாளும். பட்டியலாளரின் உழைப்பு இவ்வாறு சமூகமயப்பட்டது.

உழைப்பு சமூகமயப்பட்டதேயன்றி உடைமை அவ்வாறாகவில்லை. கூட்டுழைப்பிற் பிறக்கும் ஆற்றல், அதனை ஒன்றுதிரட்டியவரின் சொந்த ஆற்றல்போலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் விளக்குவார். 2008 நவம்பரில் ஓ.சி.எல்.சி. பதிவுகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் புதிய கொள்கையொன்றை அறிவித்தபோது அது கண்கூடாயிற்று. இலாபநோக்கற்ற கூட்டுறவு எனப்பட்ட நிறுவனமே, உறுப்பு நூலகங்கள் எழுதிய பதிவுகளை அந்நூலகங்கள் பிறருக்கு வழங்குவதற்கு நிபந்தனை விதிக்க முற்பட்டது. நூலகர்களிடையே எதிர்ப்பு வலுத்தது. 2009இல் அக்கொள்கை மீளப்பெறப்பட்டது.

விக்கியின் பிறப்பு இதற்குப் புறம்பானது. 1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்ஹாம், கணினி நிரலாளர் தம் அனுபவங்களைப் பகிர்வதற்காக முதல் விக்கியை வெளியிட்டார். ஹொனலூலு விமான நிலையப் பேருந்தொன்றின் பெயரே அதற்கு வாய்த்தது. ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்பது பொருள். 2001இல் விக்கிப்பீடியா தோன்றியது. நிகழ்ச்சியொன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2002 பெப்ரவரியில் ஸ்பானிய விக்கிப்பீடியாவின் எழுத்தாளர் பலர், தம் ஆக்கங்களுடன் விளம்பரம் சேர்க்கப்படும் என அஞ்சி, கட்டுரைகளையும் பிரதிசெய்துகொண்டு வெளியேறித் தனிக் கலைக்களஞ்சியம் அமைத்தனர். உழைத்தோர் தம் உற்பத்திப் பொருளுடன் வெளியேற முடிந்தமைக்குத் திறந்த உரிமமே காரணம். திருத்தும் வசதியிலும் பார்க்க வெளியேறும் இவ்வுரிமையே விக்கியின் தனித்தன்மை எனலாம்.

நூலகங்கள் பல இதனைக் கவனத்திற் கொள்ளவில்லை. 2005இல் மெரிடித் ஃபார்கஸ் தொடங்கிய நூலக அனுபவ விக்கி எல்லோருக்கும் திறந்திருந்தது. கூட்டுப் பட்டியல் ஆரம்பித்த அதே ஒகையோ பல்கலைக்கழக நூலகமும் அவ்வாண்டில் வணிகவியல் ஆய்வு வழிகாட்டியொன்றை விக்கியில் அமைத்தது. எனினும் பல நூலகங்களில் விக்கி ஊழியரின் உள்ளகக் கையேடாகவே ஒடுங்கிற்று. வாசகர் வாசகராகவே நின்றனர். 2007இல் இணைய ஆவணக்காப்பகம் தொடங்கிய ‘திறந்த நூலகம்’ ஒவ்வொரு நூலுக்கும் எவரும் திருத்தக்கூடிய ஒரு பக்கத்தை இலக்காகக் கொண்டது. அதன் பட்டியல் முழுவதையும் எவரும் பிரதிசெய்துகொள்ளலாம்.

ஈழத்தில் இவ்வினா வேறொரு தீவிரம் பெறுகின்றது. 1981 யூன் 1ஆம் திகதி அதிகாலைக்குள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியூட்டப்பட்டன. சிறு அச்சகங்களிற் சில நூறு பிரதிகளாக வெளிவரும் நூல்கள், பாடசாலை மலர்கள், இறந்தோர் நினைவாக வெளியிடப்படும் ‘கல்வெட்டு’கள் ஆகியவற்றை உலகப் பட்டியல்கள் பெரும்பாலும் அறியா. 2005இல் தன்னார்வலரால் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ இணையத்தளம் இவற்றை மின்வடிவில் சேர்ப்பதுடன், தன் பட்டியலை விக்கி மென்பொருளிலேயே அமைத்துள்ளது; சஞ்சிகைகளின் உள்ளடக்கமும் அதில் தலைப்புவாரியாக இடம்பெறுகின்றது. ‘மஹாகவி’ என்பார் து. உருத்திரமூர்த்தி என்பதை இலக்கிய உலகம் அறியும். ஆயின் சிற்றிதழில் இரண்டு கவிதைகள் மாத்திரம் எழுதி மறைந்த ஒரு புனைபெயரினர் யாரென்பதை அவருடைய ஊரவரே சொல்லவியலும். எத்துணைத் தேர்ந்த பட்டியலாளரும் இவ்வறிவைத் தம் மேசையிலிருந்து பெறவியலாது. மக்களிடம் சிதறிக்கிடக்கும் அறிவுக்குப் பட்டியலில் இடமளிக்க விக்கி வழிசெய்கின்றது.

எனினும் தன்னார்வ உழைப்பை இலட்சியப்படுத்துதல் ஆபத்தானது. அது ஓய்வு வாய்த்தோரின் உழைப்பு. கூலிக்கு நாளெல்லாம் உழைப்பவர், இரவில் வீட்டுவேலை முடியாத பெண் ஆகியோரது அறிவு பட்டியலை எளிதில் எட்டுவதில்லை. மேலும், 2010க்குப் பின்னர் பிரித்தானியாவில் அரச செலவுக்குறைப்பின்போது பல பொது நூலகங்கள் தன்னார்வலரிடம் கையளிக்கப்பட்டன; ஊதியம் பெற்ற நூலகர் பதவிகளை இழந்தனர். சமூகப் பங்களிப்பு என்ற பெயர் அங்கு வேலைநீக்கத்துக்குப் போர்வையாயிற்று. எனவே பட்டியலின் பொதுவுடைமைக்காகக் குரல்கொடுப்போர், பட்டியலாளரின் ஊதியத்தையும் அதே கோரிக்கையுட் சேர்த்தே முன்வைத்தல் வேண்டும்.