ஏலத்தில் மீண்ட 'ஃபிரங்' வாள்: மரக்காணக் கரை நோக்கில்

2025 ஏப்ரல் 29 அன்று இலண்டன் சோதபிஸ் ஏலத்தில், நாகபுரி போன்ஸ்லே மரபைத் தோற்றுவித்த முதலாம் ரகுஜியின் வாள் விற்பனைக்கு வந்தது. மகாராட்டிர அரசு அதனை இடையாள் ஒருவர் வழியாக 47.15 இலட்சம் ரூபாய்ச் செலவில் மீட்டது. செய்தி ஏடுகள் அதனை மராத்தியப் பெருமிதத்தின் மீட்சியாகவே கண்டன. எனினும், அவ்வாளுக்கு உரியவரின் வரலாற்றில் தமிழகக் கடற்கரைக்கும் இடமுண்டு.

1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியை வீழ்த்திய படைக்கு ரகுஜியே தலைவர். நவாபின் குடும்பத்தார் மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கேயுள்ள புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். கப்பம் கேட்டு ரகுஜி விடுத்த மிரட்டலுக்கு ஆளுநர் துய்மா பணியவில்லை. மராத்தியர் பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டனர். 1741 மார்ச்சில் திருச்சிராப்பள்ளியும் வீழ்ந்தது.

பரங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் இங்குக் கருதத்தக்கது. வாளின் அலகில் ரகுஜியின் பெயரும் 'சேனாசாகிப் சுபா' என்ற பட்டமும் தேவநாகரி எழுத்தில் பொன் பதித்துப் பொறிக்கப்பட்டுள்ளன. இறுதிச் சொல் 'ஃபிரங்'. பரங்கியும் ஃபிரங்கும் ஒரு சொல்லின் இரு திரிபுகளே. ஐரோப்பிய அலகுக்கு இந்தியக் கைப்பிடி பொருத்திய வாளை அக்காலத்தவர் அப்பெயரால் வழங்கினர். பொறிப்பு உடைமையைச் சுட்டுமேயன்றிப் போர்க்களத்தைச் சுட்டாது. ஆயினும் கடல்வணிகத்தின் தடம் அதில் ஐயமின்றித் தெரிகிறது.

இத்தகைய தடங்களை அழிப்பது துரு மட்டுமன்று, துலக்கலும்தான். மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் காற்றே இரும்புக்குப் பகை. உப்பிலுள்ள குளோரைடு துருவின் அடியில் தங்கி, ஈரம் பட்டபோதெல்லாம் அரிப்பைத் தொடரச் செய்யும். மேலே பூசும் எண்ணெய் அதனை வெளியேற்றாது. ஏலத்தில் வாளை வாங்குவோர் பலர் நாடுவதோ பளபளப்பை. உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது மெல்லிய பொன்வேலை முதலில் போகும். பின் கொல்லர் குறியும், பழுதுபார்த்த சுவடும் போகும். உப்பை நீக்கி, ஈரத்தைக் கட்டுப்படுத்தி, நிலைத்த துருவை அப்படியே விடுவதே வரலாற்றாய்வுக்கு உகந்த பாதுகாப்பு.

ரகுஜியின் வாளுக்குப் பெயர்ப்பொறிப்பேனும் உண்டு. 1863இல் அரசு கலைத்த தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் நிலை வேறு. தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. மிகப் பல உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இவ்வாயுதசாலையைப் பற்றி எழுதினார். தப்பியவற்றுள் பெயரின்றி ஏலத்துக்கு வரும் தென்னக வாள் ஒன்று தஞ்சையைச் சேர்ந்ததா என்று ஆராய, கைப்பிடியின் வேலைப்பாடும் ஆணியும் துருவுமே எஞ்சியுள்ள சான்றுகள்.