ரெஃப்ரி சண்டையைச் சீக்கிரம் நிறுத்திடறாரா?

பாக்ஸிங் பார்க்கிற யாரா இருந்தாலும் ஒரு தடவையாவது டிவியைப் பார்த்துக் கத்தியிருப்போம்: "யோவ், நல்லாத்தானே நின்னுட்டு இருக்கான், ஏன்யா நிறுத்தின?" குறிப்பா ஹெவிவெயிட் சண்டையில. 90 கிலோவுக்கு மேல இருக்கிற ரெண்டு பேர் மோதுறாங்க, ஒரே குத்துல கதையே மாறலாம். அதுக்காகத்தான் ராத்திரி முழிச்சுப் பார்க்கிறோம். நடுவுல ஒருத்தர் புகுந்து கையை ஆட்டி முடிச்சு வச்சா கோபம் வரத்தானே செய்யும்?

இந்தக் கோபம் நியாயமா? இதுதான் இன்னைக்கு எபிசோடு. கதையை நம்ம மெட்ராஸ்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

1980-ஆம் வருஷத் தொடக்கம். முகமது அலி இந்தியாவுக்கு வர்றார். டெல்லியில பஞ்சாப் வீரர் கவுர் சிங்கோட ஒரு கண்காட்சிச் சண்டை. மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துல, முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோட இன்னொண்ணு. அப்போ முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரும் அலியும் சேர்ந்து நிக்கிற போட்டோவை உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒரு மாமா கண்டிப்பா ஃபார்வர்டு பண்ணியிருப்பார்.

அலி மெட்ராஸைத் தேர்ந்தெடுத்ததுல ஆச்சரியம் இல்லை. வடசென்னையில பாக்ஸிங் அப்பவே பல தலைமுறையா வேரோடின விஷயம். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரைன்னு பிரிஞ்சு நின்னு மோதுவாங்க. 2021-ல பா. ரஞ்சித்தோட படம் வந்த பிறகு இந்தப் பேரெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சண்டைக்கு அவங்க வச்ச பேர் 'ரோசமான குத்துச்சண்டை'. அந்த 'ரோசம்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. புள்ளிக்காக மட்டும் ஆடுற ஆட்டம் இல்லை அது. பரம்பரையோட மானம் அதுல இருக்கு. அப்படி ஒரு மேடையில நிக்கிறவன் "எனக்குப் போதும்"னு தானா சொல்லுவானா? சொல்லவே மாட்டான். அவனுக்காக இன்னொருத்தர்தான் சொல்லியாகணும். அந்த இன்னொருத்தர் யாருங்கிறதுதான் பாக்ஸிங் வரலாற்றோட பாதி.

பழைய காலத்துல கையுறை கிடையாது. ஒருத்தன் விழுந்தா அந்த ரவுண்டு முடிஞ்சது. அரை நிமிஷ ஓய்வு. மறுபடி நடுக்கோட்டுக்கு வந்து நிக்க முடிஞ்சா சண்டை தொடரும். 1889-ல அமெரிக்காவின் மிசிசிப்பியில ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் இப்படி 75 ரவுண்டு மோதினாங்க. வெயில்ல, ரெண்டு மணி நேரத்துக்கும் மேல. கடைசியில கில்ரெய்னோட ஆளே, இனி விட்டா இவன் செத்துருவான்னு ஸ்பாஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார். அதாவது நிறுத்துற பொறுப்பு அவன் பக்கத்து ஆள்கிட்டதான் இருந்தது. 1867-லேயே எழுதப்பட்ட குயின்ஸ்பெரி விதிகள், அதான் கையுறை, மூணு நிமிஷ ரவுண்டு, பத்து எண்ணுறது எல்லாம், இதுக்கப்புறம்தான் முழுசா நிலைச்சது. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துற அதிகாரம் மேடைக்குள்ள நிக்கிற ரெஃப்ரி கைக்கு வந்தது.

இப்போ மறுபடி அலிகிட்ட வருவோம். மெட்ராஸ்ல சிரிச்சுக்கிட்டே விளையாடிட்டுப் போன அதே மனுஷன், அதே வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸை எதிர்த்து மேடை ஏறினார். வயசு 38. ஹோம்ஸ் ஒரு காலத்துல அலிக்கே பயிற்சித் துணையா இருந்தவர். பத்து ரவுண்டு. மூணு நடுவர்களும் அத்தனை ரவுண்டையும் ஹோம்ஸுக்கே கொடுத்தாங்க. அலியால திருப்பி அடிக்கவே முடியல. ஆனா விழவும் இல்லை. பத்தாவது ரவுண்டு முடிஞ்சதும் அலியோட பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அலியோட கூடவே இருந்த பண்டினி பிரவுன் இன்னும் ஒரு ரவுண்டு விடச் சொல்லிக் கெஞ்சினார். டண்டி கேட்கல. நாலு வருஷத்துல அலிக்கு பார்க்கின்சன் அறிகுறிகள் இருக்குன்னு மருத்துவர்கள் உறுதி பண்ணாங்க. அந்தச் சண்டையை இன்னைக்குப் பார்க்கிற யாரும் 'சீக்கிரம் நிறுத்திட்டாங்க'ன்னு சொல்றதில்லை.

அந்தச் சண்டைக்கு ரெஃப்ரி ரிச்சர்ட் கிரீன். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1982 நவம்பர் 13. இது ஹெவிவெயிட் இல்லை, லைட்வெயிட். அமெரிக்காவின் ரே மான்சினிக்கும் தென் கொரியாவின் கிம் டுக் கூவுக்கும் சண்டை. ரெஃப்ரி அதே கிரீன். கிம் விட்டுக்கொடுக்காம ஆடினார். பல ரவுண்டு சமமாத்தான் போச்சு. 14-வது ரவுண்டு தொடங்கின சில நொடியில விழுந்தார், தட்டுத்தடுமாறி எழுந்தார், கிரீன் நிறுத்தினார். அதுக்குள்ள காலம் கடந்துபோச்சு. மூளையில ரத்தக் கசிவு. சில நாள்ல கிம் இறந்துட்டார். அவரோட அம்மா கொஞ்ச மாசத்துல உயிரை விட்டாங்க. 1983 ஜூலையில கிரீனும் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். இந்தச் சண்டைதான் எல்லாத்துக்கும் காரணம்னு நேர்க்கோடு போட வேண்டாம். ஆனா விளையாட்டு மாறினது இதுக்கப்புறம்தான். உலக பாக்ஸிங் கவுன்சில் தன்னோட பட்டச் சண்டைகளை 15 ரவுண்டுல இருந்து 12-ஆ குறைச்சது. மத்த அமைப்புகளும் பின்னாடி வந்தாங்க.

ஏன் ரெஃப்ரியால முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியலைன்னு கேட்கலாம். மண்டையோட்டுக்குள்ள மூளை ஒரு திரவத்துல மிதக்குது. குத்து விழுந்ததும் மண்டை சட்டுனு திரும்பும், மூளை ஒரு கணம் பின்தங்கும். அந்த இழுப்புல மெல்லிய ரத்தக் குழாய் கிழியலாம். ரத்தம் மெதுவா சேரும். ஆள் நிப்பான், பேசுவான், "நான் நல்லா இருக்கேன்"னு சொல்லுவான். சொல்றது பொய்கூட இல்லை. அவனுக்கே தெரியாது.

'ஹெவிவெயிட்னா விழுந்தா தெரிஞ்சிடும்'னு நினைக்கிறவங்களுக்கு 2013 நவம்பர் 2 ஒரு பாடம். நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ரஷ்ய ஹெவிவெயிட் வீரர் மகோமெத் அப்துசலாமோவ், கியூபாவின் மைக் பெரெஸோட பத்து ரவுண்டு ஆடினார். அதுவரைக்கும் 18 சண்டை, 18-லேயும் நாக்-அவுட் வெற்றி. அன்னைக்கு அவர் ஒரு தடவைகூட விழல. யாரும் நிறுத்தல. புள்ளியில தோத்தார். அதுக்கப்புறம் டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனார். மூளையில ரத்தக் கட்டி. இப்போ உடம்புல ஒரு பக்கம் செயல்படாது, பேச்சும் சரியா வராது. நியூயார்க் மாநிலம் 2017-ல 2 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க ஒத்துக்கிட்டது.

நம்ம ஊரும் விதிவிலக்கு இல்லை. 2022 ஆகஸ்ட்ல சென்னையில நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில அருணாச்சலப் பிரதேச வீரர் யோரா தாடே தலையில அடிபட்டு, ரெண்டு நாள்ல இறந்துபோனார். இருபதுகளோட தொடக்கத்துல இருந்த பையன்.

சரி, எதிர்த்தரப்பையும் கேட்போம். அவங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு.

1991 மார்ச் 18, மைக் டைசனும் டோனோவன் ரடக்கும். ஏழாவது ரவுண்டுல டைசனோட தொடர் குத்துக்கள். ரடக் இன்னும் கால்ல நிக்கிறார். ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் நிறுத்திட்டார். மேடையிலேயே ரெண்டு தரப்பு ஆளுங்களும் அடிதடி. இதே ஸ்டீல்தான் முந்தின வருஷம் மெல்ட்ரிக் டெய்லர் சண்டையை முடிய ரெண்டே ரெண்டு செகண்ட் இருக்கும்போது நிறுத்தினவர். ரெண்டு நடுவர்களோட கணக்குல டெய்லர் முன்னாடி இருந்தார். ரெண்டு செகண்ட் தாக்குப்பிடிச்சிருந்தா ஜெயிச்சிருப்பார். அந்த இழப்பு சின்னது இல்லை.

இன்னொரு பக்கம் 2018 டிசம்பர் 1. கடைசி ரவுண்டுல டியோன்டே வைல்டர் அடிச்ச அடியில டைசன் ஃபியூரி மல்லாந்து விழுந்தார். ரெஃப்ரி ஜாக் ரீஸ் பதறி நிறுத்தல. முழங்கால் போட்டு எண்ணினார். ஒன்பதுல ஃபியூரி எழுந்தார், சண்டையை முடிச்சார், டிராவும் வாங்கினார். அன்னைக்கு உடனே நிறுத்தியிருந்தா அந்தக் காலகட்டத்தோட மறக்க முடியாத காட்சியே நமக்குக் கிடைச்சிருக்காது.

அப்போ பதில் என்ன? ஆமாம், ரெஃப்ரிகள் சில நேரம் சீக்கிரம் நிறுத்துறாங்க. ஆனா இங்க ஒரு கணக்கு இருக்கு. சரியான நேரத்துல நிறுத்தினவரால தான் சரின்னு ஒருநாளும் நிரூபிக்க முடியாது. நடக்காம போன சாவுக்கு சாட்சி ஏது? தாமதமா நிறுத்தினவரோட தப்பு மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும்.

நான் இருக்கன்குடிக்காரன். இந்தக் கணக்கு எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். சாத்தூர், சிவகாசி பக்கம் பட்டாசு ஆலையில ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல கூடாது. வெயில் ஏறினா மருந்து கலக்கக் கூடாது. இடி மின்னல்னா வேலையை விட்டு வெளியே வந்துடணும். போர்மேன் "போதும், நிறுத்து"ன்னு சொல்லி அன்னைக்கு ஒண்ணும் வெடிக்கலைன்னா, யாரும் அவருக்கு நன்றி சொல்றதில்லை. "அநியாயமா அரை நாள் போச்சே"ன்னுதான் முணுமுணுப்பு வரும். அந்த முணுமுணுப்புலயும் நியாயம் இருக்கு, ஏன்னா பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவங்களுக்கு அரை நாள்ங்கிறது அரைச் சம்பளம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியை இங்க யாரும் மறக்கல. இருந்தும் 'இன்னும் கொஞ்சம் முடிச்சுடலாம்'ங்கிற ஆசை தினமும் வருது. நிறுத்துறதுக்கான விலையைத் தொழிலாளி மட்டுமே கொடுக்கிற வரைக்கும் அது வரும்.

பாக்ஸிங்லயும் அதேதான். சீக்கிரம் நிறுத்தலாமா கூடாதாங்கிறதைவிட முக்கியமான கேள்வி, சீக்கிரம் நிறுத்தினா அந்த நஷ்டம் யார் தலையில விழுதுங்கிறது. ரடக்குக்கு என்ன நடந்ததுன்னு பாருங்க. அடுத்த மூணரை மாசத்துக்குள்ள, ஜூன் 28-ஆம் தேதி, டைசனோட மறுபடி சண்டை கிடைச்சது. 12 ரவுண்டும் ஆடினார், புள்ளியில தோத்தார். சந்தேகம் தீர்ந்தது, ஆளும் உயிரோட இருக்கார். டெய்லருக்கு அந்த வாய்ப்பு வர நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள அவர் பழைய டெய்லர் இல்லை. ஸ்டீல் மேல வர்ற கோபத்துல பாதியை, மறுசண்டையைத் தள்ளிப்போடுற புரமோட்டர்கள் மேல காட்டலாம்.

சர்ச்சையா நிறுத்தப்பட்ட சண்டைக்கு உடனடி மறுவாய்ப்பு, முழுச் சம்பளம், ரிங் ஓரத்துல ஆம்புலன்ஸ், சண்டை முடிஞ்சதும் கட்டாய ஸ்கேன். இதெல்லாம் உறுதியா இருந்தா ரெஃப்ரி தயங்காம கையை ஆட்டலாம், வீரனும் ரோசத்தோட வீட்டுக்குப் போகலாம். சீக்கிரம் நிறுத்தின சண்டையை மறுபடி நடத்த முடியும். கிம்முக்கும் யோரா தாடேவுக்கும் மறுபடி மணி அடிக்க முடியாது.

உங்க கருத்து என்ன, எந்தச் சண்டையை நிறுத்தியிருக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.