வீசை போச்சு, பவுண்டு நின்னுபோச்சு

1956-ல் வந்த எடை, அளவுச் சட்டத்துக்குப் பிறகு வீசையும் மணங்கும் படிப்படியாய் மறைந்து, கிலோ வந்தது. டயர் காற்றில் மட்டும் வெள்ளைக்காரன் காலத்துப் பவுண்டு நின்னுபோச்சு. "எத்தனை பவுண்டு வைக்கணும்?" என்றுதானே இன்றும் கடையில் கேட்கிறார்கள்?

எடையில் ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு. காற்றழுத்தத்துக்கு அந்தக் கணக்கு உதவாதுங்க. பவுண்டு சதுர அங்குலத்துக்கு; கிலோ சதுர சென்டிமீட்டருக்கு. ஒரு சதுர அங்குலத்தில் 6.45 சதுர சென்டிமீட்டர் அடங்கும். 2.2-ஐ 6.45-ஆல் பெருக்கினால், ஒரு கிலோ அழுத்தத்துக்கு 14.2 பவுண்டு.

20 பவுண்டு வேண்டிய டிராக்டர் டயருக்கு 1.4 கிலோ போதும். 2.2-ஆல் வகுத்து 9 கிலோ ஏத்தினால் 128 பவுண்டு ஆயிடும். டயர் வெடித்து ஆளையே அடிக்கும். மீட்டரில் எந்த அளவு என்று பார்த்துக் காற்றடியுங்கள்.