பூனைகளின் வான்பயணம்

வீட்டில் வளரும் பூனையை விமானத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதும், அப்போது அதன் உயிருக்கும் மனநிலைக்கும் ஊறு நேராமல் காப்பதும் இத்தலைப்பில் அடங்கும். நாய் தன்னை வளர்ப்பவரைச் சார்ந்து வாழ்வது. பூனையோ தான் புழங்கும் இடத்தையும் அவ்விடத்தில் தானே உரசிப் பதித்த மணத்தையும் சார்ந்து வாழ்வது. ஆகவே பறப்பதைவிட வீட்டு வாசலைக் கடப்பதே அதற்குப் பெரிய அதிர்ச்சியாகும். பயணத்தில் பூனை அமைதியாக இருக்குமா என்பது பெரும்பாலும் விமானம் ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, வீட்டுக் கூடத்தில் முடிவாகிவிடுகிறது.

வரலாறு

கப்பல்களில் எலி பிடிப்பதற்காகப் பூனை வளர்க்கும் வழக்கம் மிகப் பழமையானது. வான்கலங்கள் தோன்றியபோது அவ்வழக்கம் நல்வாய்ப்புக்கான அடையாளம் என்ற அளவில் அவற்றுக்கும் தொடர்ந்தது. சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தாமே கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்ட 1910ஆம் ஆண்டே, பூனைகளின் வான்பயண வரலாற்றிலும் குறிப்பிடத்தக்க ஆண்டாக அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜான் மாய்சன்ட் என்ற அமெரிக்க வானோடி, தம் இயந்திரப் பணியாளரை ஏற்றிக்கொண்டு பாரிசிலிருந்து இலண்டன் நோக்கிப் பறந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, ஃபிஃபி என்ற பூனைக்குட்டியும் உடன் சென்றது.

அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று வால்டர் வெல்மன் என்பவர் ‘அமெரிக்கா’ என்ற வான்கப்பலில் (வளியை விடக் குறைந்த எடையுள்ள வாயுவை நிரப்பி மிதக்கச்செய்யும் ஊர்தி) அட்லாண்டிக் நகரிலிருந்து பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டார். அதன் கொட்டகையில் திரிந்த கிட்டோ என்ற சாம்பல் நிறப் பூனையும் அதில் ஏற்றப்பட்டது. கலம் மேலெழுந்ததும் பூனை கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடி, தலைமைப் பொறியாளர் மெல்வின் வேனிமனுக்கு எரிச்சலூட்டியது. அதை அழைத்துப்போகச் சொல்லி அவர் கரைக்கு அனுப்பிய செய்தியே வான்கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி வழியாகச் சென்ற முதற்செய்திகளுள் ஒன்று. துணிப்பையில் இட்டுக் கயிற்றால் கீழே இருந்த படகுக்கு இறக்க முயன்றபோது கடல் கொந்தளிப்பாக இருந்ததால், பூனை மீண்டும் மேலே இழுத்துக்கொள்ளப்பட்டது. அதன்பின் அது உண்டு உறங்கி அமைதியாகவே இருந்தது என்பதும், வழிகாட்டியாகச் சென்ற மரே சைமன் அதைக் கலத்தின் நல்ல துணையாகக் கருதினார் என்பதும் பதிவாகியுள்ளன. இயந்திரங்கள் பழுதுற்றுப் பயணம் கைவிடப்பட்டபோது, ‘டிரென்ட்’ என்ற அஞ்சல் கப்பல் மனிதர் அறுவரையும் பூனையையும் மீட்டது. பழகாத சூழலில் முதலில் பதறுவதும், மறைந்து படுக்க ஓர் இடம் கண்டபின் அடங்குவதும் பூனையின் இயல்பு என்பதற்கு இந்நிகழ்ச்சி தெளிவான சான்று.

1919 ஜூலையில் ஆர்-34 என்ற பிரிட்டிஷ் வான்கப்பல் ஸ்காட்லாந்திலிருந்து நியூயார்க் அருகிலுள்ள மினியோலாவுக்கு 108 மணி நேரத்தில் பறந்தது. எடை மிகுந்துவிட்டது என்று இறக்கிவிடப்பட்ட பணியாளர் ஒருவர் அதில் ஒளிந்து சென்றபோது, வூப்சி என்ற வரிப் பூனைக்குட்டியையும் தம்முடன் கொண்டுசென்றார். சார்லஸ் லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தபோது பேட்சி என்ற பூனையை அழைத்துச் செல்லாமல் தரையிலேயே விட்டுச் சென்றார். புறப்படும் விமானத்தைப் பூனை பார்த்திருப்பது போன்ற அஞ்சல் தலையை ஸ்பெயின் 1930இல் வெளியிட்டது. அக்காலத்துப் பூனைப் பிரியர்களுள் அறிவோடு நடந்துகொண்டவர் லிண்ட்பெர்க்கே எனலாம்.

1963 அக்டோபர் 18 அன்று பிரான்சு, அல்ஜீரியாவின் அம்மாகிர் தளத்திலிருந்து வெரோனிக் ராக்கெட்டில் ஃபெலிசெட் என்ற பெண்பூனையைச் சுமார் 157 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி உயிருடன் மீட்டது. விண்வெளியை எட்டித் திரும்பிய ஒரே பூனை அதுவாகும். பயிற்றுவிக்கப்பட்ட பதினான்கு பூனைகளிலிருந்து அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, அடைபட்ட நிலையில் அது காட்டிய நிதானமும் ஒரு காரணம். சில மாதங்களுக்குப் பின் ஆய்வுக்காக அதைக் கொன்றனர்; 2019 வரை அதற்கொரு சிலை எழுப்பப்படவில்லை.

உடலும் பறத்தலும்

பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு ஈடாகப் பேணப்படுகிறது. உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர்; ஆகவே நலமான பூனை இவ்வழுத்தத்தை எளிதில் தாங்கும். இதயத் தசை தடிக்கும் நோயுள்ள பூனைக்கும், பாரசீகப் பூனை, இமாலயப் பூனை, எக்ஸாட்டிக் குறுமுடிப் பூனை முதலிய சப்பை மூக்கு வகைகளுக்கும் இது பொருந்தாது. இவ்வகைகளின் மூச்சுவழி குறுகலானது; வெப்பத்தை வெளியேற்றுவதும் அவற்றுக்குக் கடினம். எனவேதான் பல நிறுவனங்கள் இவற்றைச் சரக்கறையில் ஏற்க மறுக்கின்றன. தமிழ்நாட்டு நகரங்களில் விலைகொடுத்து வாங்கி வளர்க்கப்படும் பூனைகளில் பாரசீக வகை மிகுதி என்பதால் இச்செய்தி இங்கு முதன்மையானது.

நாய் வாய் திறந்து மூச்சிரைப்பது இயல்பு. பூனை அவ்வாறு செய்தால் அது கடும் அச்சத்தின் அல்லது மூச்சுத் திணறலின் அறிகுறி. கண்மணி விரிதல், செவிகளைப் பக்கவாட்டில் படியவைத்தல், எச்சில் ஒழுகுதல், கூண்டின் மூலையில் உடலை ஒடுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அச்சத்தின் தொடக்கநிலை அறிகுறிகள். சத்தமின்றிக் கிடக்கும் பூனை அமைதியாக இருக்கிறது என்று கொள்வது தவறு.

கூண்டும் பழக்கமும்

ஊர்ப்புறங்களில் பூனையை இடம்மாற்றக் கோணிப்பையோ மூடிபோட்ட மூங்கில் கூடையோ போதும் என்ற நிலை இருந்தது. கோணிப்பையில் கட்டி ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவருவது பூனையைத் தொலைக்கும் முறையுமாகும். வான்பயணத்துக்குரிய கூண்டை (வழக்கில் கேரியர்) பன்னாட்டு வான்போக்குவரத்துக் கழகத்தின் உயிருள்ள விலங்குகள் விதிநூல் வரையறுக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்துடன், தரையிலிருந்து முன்கால் முட்டிவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளமும், தோள் அகலத்தை இரட்டித்தால் அதன் அகலமும் கிடைக்கும். பூனை தலை இடிக்காமல் நிற்கவும் திரும்பவும் இயல்பாகப் படுக்கவும் இயல வேண்டும். சரக்கறைக்குரிய கூண்டு கெட்டியான ஓடும் உலோகக் கதவும் கொண்டதாக, இரு பாதிகளும் திருகாணியால் முடுக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் விரிப்பும், கதவில் பொருத்திய நீர்க் கிண்ணமும், வெளியே உயிருள்ள விலங்கு என்ற ஒட்டுச்சீட்டும் தேவை.

கூண்டை வாங்கி, புறப்படும் நாளில் பூனையைப் பிடித்து உள்ளே திணிப்பதே மிகப் பரவலான தவறு. மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே கூண்டைக் கதவு திறந்தபடி கூடத்தில் வைத்து, பூனை படுத்துப் பழகிய பழந்துணியை உள்ளே விரித்து, மீனோ கருவாடோ கலந்த உணவை முதலில் வாசலிலும் பின்னர் உள்ளேயும் வைத்துவந்தால், பூனை தானாகவே அதில் உறங்கத் தொடங்கும். அதன்பின் கதவைச் சிறிது நேரம் மூடியும், வண்டியில் தெருவைச் சுற்றி வந்தும் பழக்குதல் வேண்டும். துவைத்த புதுத் துண்டு இதற்கு உதவாது. மனிதர்க்கு அழுக்காகத் தோன்றும் துணியே பூனைக்கு வீடு.

அமைதிப்படுத்தும் பொருள்கள்

மயக்க மருந்து கொடுத்து ஏற்றுவது பாதுகாப்பானதன்று. முன்னர் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட அசிபுரோமசின் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலையும் கெடுக்கிறது; விலங்கு அசைவற்றுக் கிடந்தாலும் அதன் அச்சம் தணிவதில்லை. விமான நிறுவனங்கள் பலவும் மயங்கிய விலங்கை ஏற்பதில்லை. அச்சத்தைத் தணிக்கும் கேபபென்டின் என்ற மருந்தைக் கால்நடை மருத்துவர்கள் இப்போது எழுதித் தருகின்றனர். அதே இனத்தைச் சேர்ந்த பிரிகேபலின், பூனைகளின் பயண அச்சத்துக்கென்றே வாய்வழி மருந்தாக 2021இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. எம்மருந்தாயினும் பயணத்துக்குச் சில நாள் முன்னரே வீட்டில் ஒருமுறை கொடுத்து விளைவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னத்தை உரசிப் பூனை பதிக்கும் மணப்பொருளைச் செயற்கையாக உருவாக்கித் தெளிப்பானாக விற்கின்றனர். அது பழந்துணிக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் வேலியோரங்களில் தானே முளைக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் மார்ச்சால மோகினி என்றும் பெயர்கள் உண்டு. செடியைப் பிடுங்கி வேர் வெளியே தெரியும்படி போட்டால், பூனை அதை முகர்ந்து கடித்து, முகத்தைத் தேய்த்துப் புரளும். மேலைநாட்டுப் பூனைப்புதினாவும் இதே விளைவைத் தருவது. முதலில் கிளர்ச்சியும் பின்னரே தளர்ச்சியும் தருவதால், பூட்டிய கூண்டில் இவற்றை இடலாகாது. கூண்டைப் பழக்கும் நாட்களில், திறந்த கூண்டுக்குள் பூனையை ஈர்க்க மட்டும் இவை உதவலாம்.

பயண நாள்

புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் சிறிதளவு உணவு கொடுத்து நிறுத்திவிட்டு, நீரை மட்டும் தொடர்ந்து கொடுக்கலாம். பூனை பல மணி நேரம் சிறுநீரை அடக்கக் கூடியது. ஆகவே மணல் தட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. தரையில் செல்லும் தொலைவும் கணக்கில் கொள்ளத்தக்கது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டிலிருந்து உள்நாட்டுப் பயணத்துக்கு நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையமே அருகில் இருப்பது. திருத்தணி, திருவள்ளூர் வழியாக மீனம்பாக்கம் செல்வோர், பூந்தமல்லி நெரிசலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், பூனை விமானத்தில் இருப்பதைவிட நெடுநேரம் காரிலேயே அடைபட்டிருக்கும். கூண்டின் மேல் மெல்லிய துணி போர்த்துவது இந்நேரத்தில் மிகவும் பயன்படும்.

பாதுகாப்புச் சோதனையே பூனை தப்பியோடும் இடம். கூண்டு ஊடுகதிர்ப் பொறிக்குள் செல்லும்போது பூனையைக் கையில் ஏந்திச் செல்ல நேர்வதால், மார்புப் பட்டையும் வாரும் வீட்டிலேயே பூட்டியிருக்க வேண்டும். கதவடைத்த தனியறையில் சோதிக்கும்படி கேட்பது பயணியின் உரிமையாகக் கருதத்தக்கது. 2011 ஆகஸ்டில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், சரக்காக ஒப்படைக்கப்பட்ட ஜாக் என்ற பூனை கூண்டிலிருந்து தப்பி, 61 நாட்களுக்குப் பின் சுங்கப் பகுதியின் கூரைப் பலகை வழியாக விழுந்து அகப்பட்டது. மெலிவும் புண்ணும் மிகுந்திருந்ததால் அது பிழைக்கவில்லை. இவ்வாறு தப்பாமலிருக்கக் கூண்டுக் கதவை நெகிழிக் கட்டுப்பட்டையால் கூடுதலாகக் கட்டும் வழக்கம் உண்டு.

சரக்கறையும் பயணிகள் பகுதியைப் போன்றே காற்றழுத்தம் பேணப்படுவது. ஆயினும் விமானத்தில் ஏற்றப்படும்முன் கூண்டு ஓடுதள முற்றத்தில் காத்துக் கிடக்கும் நேரமே ஆபத்தானது. கத்திரி வெயில் காலத்தில் சென்னையிலிருந்து பகலில் பூனையைச் சரக்காக அனுப்புவது கொடுமை. இரவிலோ விடியலுக்கு முன்போ புறப்படும், இடைநிறுத்தமற்ற விமானமே தக்கது. இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு செல்ல இயலுமாயின் அதுவே எல்லாவற்றினும் மேல்.

சட்டமும் சான்றுகளும்

இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் (1960) கீழ் 1978இல் இயற்றப்பட்ட விலங்குப் போக்குவரத்து விதிகள், நாய் பூனைகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளன. பயணத்துக்குத் தகுதியுள்ளது என்ற மருத்துவச் சான்று வேண்டும். நிறைசினைப் பூனையை ஏற்றலாகாது. ஒரே கூண்டில் வேறு இன விலங்குகளைச் சேர்த்தலாகாது. வெளிநாடு செல்லும் பூனைக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் செலுத்தப்படும் 15 இலக்க அடையாளச் சில்லு), வெறிநோய்த் தடுப்பூசி, நடுவணரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் நலச்சான்று ஆகியவை தேவை. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும், தடுப்பூசி போட்டு 30 நாட்கள் கழித்து எடுத்த குருதியில் எதிர்ப்பாற்றல் அளவைச் சோதித்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. ஆகவே ஏற்பாடுகளை ஐந்து ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியுள்ளது. செல்லுமிடத்தில் பூனை வளர்க்க இசைவு உண்டா என்பதையும் அறிய வேண்டும். சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரிய அடுக்ககங்களில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை, 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் இசைவு பெற்றுள்ளன.

இந்தியாவுக்குள் பூனையைக் கொண்டுவருவதற்கு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத் முதலிய நிலையங்கள் வாயில்கள். 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து பொம்மைகள் வந்த பெட்டகத்தில் அகப்பட்டுச் சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்த பூனையை, கொரோனா அச்சத்தால் திருப்பி அனுப்ப முனைந்து, விலங்கு நல அமைப்பின் எதிர்ப்புக்குப் பின்னரே கைவிட்டனர். முன்னிசைவு இல்லாமல் வரும் விலங்கு எத்தகைய நிலைக்கு உள்ளாகும் என்பதை அது காட்டியது.

இன்றைய நிலை

ஏர் இந்தியாவும், 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏரும் எடை வரம்புக்கு உட்பட்டுப் பூனையைப் பயணிகள் பகுதியில் ஏற்கின்றன. வரம்பும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். நான்கைந்து நாள் வெளியூர்ப் பயணம் மட்டுமே எனில், பூனையை வீட்டிலேயே விட்டு, அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் சாவியையும் உணவையும் ஒப்படைத்துச் செல்வதே தக்கது.