ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி

எங்கள் தெருவில் அதற்குப் பெயர் டிவி கேம். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி, மஞ்சள் கேசட், ஓடவில்லை என்றால் கேசட்டின் வாயில் ஒரு ஊது. பெட்டி எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்டதில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. அது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல் என்பது தெரியவர ரொம்ப வருஷம் ஆனது.

அதனால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் "நீ செகாவா, நின்டெண்டோவா?" என்று கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள் என்று முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. ரஜினியா கமலா மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தேன். அப்புறம்தான் வித்தியாசம் புரிந்தது. ரஜினி ரசிகன் கமல் படத்துக்குப் போகலாம். டிக்கெட் காசுதான், யாருக்கும் சொல்லாமல் போய்விட்டு வந்துவிடலாம். கேம் கன்சோல் அப்படியில்லை. அது 150, 200 டாலர் சமாச்சாரம். பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஒன்று கிடைத்தால் உண்டு. ஒன்றை வாங்கிவிட்டால் மற்றதன் கேம்கள் அந்த வீட்டுக்குள் வராது. தப்பாகத் தேர்ந்தெடுத்தால் நாலைந்து வருஷம் போச்சு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பாதி ஆயுள்.

இந்தப் போட்டியின் வரலாறு பெரும்பாலும் கம்பெனிகளின் பக்கமிருந்தே சொல்லப்படுகிறது: யார் ஜெயித்தார், எப்படி ஜெயித்தார். எனக்கு வாங்கியவர்களின் பக்கமிருந்து ஒரு கேள்வி இருக்கிறது. தன்னை நம்பித் தேர்ந்தெடுத்தவனுக்கு ஒரு கம்பெனி ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? செகாவின் கதையைப் படித்தால், பட்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கடனைத் திருப்பித் தராததற்கு அது கொடுத்த விலையும் தெரிகிறது.

*

நின்டெண்டோ 1889ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியது. செகாவின் வேர் ஹவாயில் இருக்கிறது. காசு போட்டு விளையாடும் இயந்திரங்களை அமெரிக்க ராணுவ முகாம்களுக்கு விற்ற 'சர்வீஸ் கேம்ஸ்' என்ற பெயரைச் சுருக்கித்தான் செகா ஆக்கினார்கள். 1983 ஜூலை 15 அன்று, ஒரே நாளில், இரண்டும் ஜப்பானில் கேசட் மாற்றி விளையாடும் தங்கள் முதல் கன்சோலை வெளியிட்டன. நின்டெண்டோவின் ஃபேமிகாம் 14,800 யென். செகாவின் எஸ்ஜி-1000, 15,000 யென். 200 யென்தான் வித்தியாசம். ஃபேமிகாம் உலகம் முழுக்க ஆறு கோடிக்கு மேல் விற்றது. எஸ்ஜி-1000 என்ற பெயர் இன்று பழைய பெட்டி சேகரிப்பவர்களைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரமே படுத்துவிட்டிருந்தது. அடாரி கன்சோலுக்கு யார் வேண்டுமானாலும் கேம் செய்யலாம் என்ற நிலையில் குப்பை குவிந்தது. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், கடைக்காரர்கள் கைகழுவினார்கள். விற்காத கேசட்டுகளை அடாரி லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமகோர்டோவில் குழிதோண்டிப் புதைத்தது. 2014ல் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் அப்படியே வெளியே வந்தன.

நின்டெண்டோ இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், கதவைப் பூட்டு என்பது. 1985ல் ஃபேமிகாம் வேறு உடை போட்டுக்கொண்டு 'என்இஎஸ்' என்ற பெயரில் அமெரிக்கா வந்தபோது பெட்டிக்குள் ஒரு சில்லு, கேசட்டுக்குள் ஒரு சில்லு. இரண்டும் கைகுலுக்கினால்தான் கேம் ஓடும். வெளிக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஐந்து கேம்தான் வெளியிடலாம். அந்த கேமை இரண்டு வருஷம் வேறு எந்தக் கன்சோலுக்கும் தரக்கூடாது. கேசட்டை நின்டெண்டோவே தயாரித்துத் தரும். குப்பை குறைந்தது உண்மைதான். ஆனால் பூட்டின் சாவி ஒரே ஆள் கையில் போய்ச் சேர்ந்தது.

கன்சோலை 99.99 டாலருக்குக் கீழே விற்கக்கூடாது என்று கடைகளை நெருக்கியதாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1991ல் சமரசமாக முடிந்தது. வாங்கியவர்களுக்கு நஷ்ட ஈடாக ஐந்து டாலர் கூப்பன். எதற்கு? இன்னொரு நின்டெண்டோ கேசட் வாங்கத்தான்.

*

செகா தன் ஜெனிசிஸ் கன்சோலை 1989 ஆகஸ்டில் அமெரிக்காவில் இறக்கியது. விலை 189 டாலர். என்இஎஸ் 8 பிட், இது 16 பிட். பிட் என்றால் என்ன என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. 8ஐ விட 16 பெரிது என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

நின்டெண்டோவின் நிபந்தனைகளில் மூச்சு முட்டியவர்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஜெனிசிஸைப் பிரித்து மேய்ந்து, செகாவின் உதவி இல்லாமலே அதற்குக் கேம் செய்யக் கற்றுக்கொண்டது. பிறகு செகாவிடம் போய், "நல்ல கமிஷனில் ஒப்பந்தம் போடுகிறீர்களா, இல்லை நாங்களே விற்கட்டுமா?" என்கிற தொனியில் பேரம் பேசியது. செகா இறங்கி வந்தது. 1990ல் ஜான் மேடன் ஃபுட்பால் ஜெனிசிஸுக்கு வந்தது. விளையாட்டுப் பைத்தியங்கள் எல்லாம் செகா கட்சியில் சேர்ந்தார்கள்.

அந்த வருஷம்தான் டாம் கலின்ஸ்கி செகா ஆஃப் அமெரிக்காவின் தலைவரானார். பார்பி பொம்மை விற்ற மட்டெல் நிறுவனத்தின் முன்னாள் தலைவர். விலையை 149 டாலருக்குக் குறைக்கவேண்டும், பெட்டியோடு இலவசமாக நம்மிடம் இருப்பதிலேயே நல்ல கேமைத் தரவேண்டும், நின்டெண்டோவைப் பெயர் சொல்லியே விளம்பரத்தில் சீண்டவேண்டும் என்றார். ஜப்பான் தலைமையகத்தில் பலருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவரைத் தேர்ந்தெடுத்த நகயாமா ஹயாவோ அனுமதி கொடுத்தார். அந்த இலவச கேம்தான் 1991 ஜூனில் வந்த சோனிக். நீல முள்ளெலி, நிற்கவிட்டால் கால் தட்டிக் கடுப்பாகும். மரியோ குண்டு அப்பாவி என்றால் சோனிக் வகுப்பில் கடைசி பெஞ்ச்.

இரண்டு மாதம் கழித்து நின்டெண்டோவின் 16 பிட் கன்சோல் சூப்பர் என்இஎஸ் 199 டாலருக்கு வந்தது. எது உசத்தி என்பதற்கு நேர்மையான பதில் கிடையாது. செகாவின் செயலி வேகமானது, 7.6 மெகாஹெர்ட்ஸ். நின்டெண்டோவுடையது அதில் பாதிகூட இல்லை. ஆனால் செகாவால் 512 நிறங்களிலிருந்துதான் பொறுக்கமுடியும், நின்டெண்டோவிடம் 32,768 இருந்தன. ஓடுவதற்கு இது, பார்ப்பதற்கு அது.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று என்று நினைக்கிறேன். பழைய என்இஎஸ் கேசட்டுகள் புது நின்டெண்டோவில் ஓடவில்லை. நூற்றுக்கணக்கான டாலருக்குக் கேசட் வாங்கிக் குவித்த அப்பா அம்மாக்களுக்கு இது எரிச்சல். எப்படியும் எல்லாவற்றையும் புதிதாகத்தான் வாங்கவேண்டும் என்றால் செகாவை வாங்கினால்தான் என்ன? நின்டெண்டோ தானே பூட்டிய கதவைத் தானே திறந்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் அமெரிக்காவின் 16 பிட் சந்தையில் பாதிக்குமேல் செகாவிடம் போனதும் உண்டு.

*

வித்தியாசம் பச்சையாகத் தெரிந்தது 1993 செப்டம்பர் 13 அன்று. மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை கேம் ஒரே நாளில் இரண்டு கன்சோலுக்கும் வந்தது. நின்டெண்டோவில் அடி வாங்கியவனிடமிருந்து ரத்தம் தெறிக்காது. அதைச் சாம்பல் நிற வியர்வையாக்கியிருந்தார்கள். செகாவில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் ரத்தம் வரும். அந்த ஏழு எழுத்து வகுப்பறைகளில் காதோடு காதாகப் பரவியது. செகா பதிப்பு விற்பனையில் நின்டெண்டோவைத் தாண்டியது.

டிசம்பரில் அமெரிக்க செனட் இரண்டு கம்பெனிகளையும் கூப்பிட்டு விசாரித்தது. செனட்டர்கள் முன்னால் இரண்டு கம்பெனிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே சண்டை போட்டுக்கொண்டார்கள். நாங்கள் இந்த மாதிரி கேமை அனுமதிக்கவே மாட்டோம் என்றது நின்டெண்டோ. உங்கள் துப்பாக்கி பொம்மையைப் பாருங்கள் என்றது செகா. சினிமாவுக்கு இருப்பதுபோல கேம்களுக்கும் வயதுச் சான்றிதழ் தரும் அமைப்பு 1994ல் வந்தது. அதே வருஷம் மார்ட்டல் காம்பாட்டின் இரண்டாம் பாகம் நின்டெண்டோவிலும் ரத்தத்தோடு வெளியானது. கொள்கை ஒரு வருஷம் தாங்கியது.

*

செகா மேலே நின்ற காலம் இதுதான். இனிமேல் நடந்ததை ஜெனிசிஸ் வாங்கிய ஒரு வீட்டின் வரவேற்பறையிலிருந்து பாருங்கள்.

1992 அக்டோபரில் செகா சொன்னது: ஜெனிசிஸுக்குக் கீழே இந்த சிடி கருவியை மாட்டுங்கள், 299 டாலர். கேம்கள் அதிகம் வரவில்லை. 1994 நவம்பரில் சொன்னது: மேலே இந்த '32எக்ஸ்' என்ற கருவியைச் செருகுங்கள், 159 டாலர், 32 பிட் ஆகிவிடும். இப்போது மூன்று கருவிகள், மூன்றுக்கும் தனித்தனி பவர் அடாப்டர். அதே மாதம் ஜப்பானில் செகா சாட்டர்ன் என்ற முழுப் புதுக் கன்சோலை வெளியிட்டது. அமெரிக்காவில் 32எக்ஸைச் செருகியவன், தான் வாங்கியது அப்போதே பழசு என்று பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டான். சுமார் 40 கேம்களோடு 32எக்ஸ் முடிந்துபோனது.

இதற்கிடையில் மூன்றாவதாக ஒரு ஆள் வந்திருந்தார். சூப்பர் என்இஎஸ்ஸுக்கு சிடி கருவி செய்ய நின்டெண்டோ சோனியோடு கைகோத்திருந்தது. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, நாங்கள் ஃபிலிப்ஸோடு போகிறோம் என்று நின்டெண்டோ அறிவித்தது. அந்த அவமானத்திலிருந்து சோனியின் குடராகி கென் உருவாக்கியதுதான் பிளேஸ்டேஷன்.

1995 மே 11, லாஸ் ஏஞ்சல்ஸ். இ3 கண்காட்சியின் முதல் வருஷம். செப்டம்பரில் வரும் என்று சொல்லியிருந்த சாட்டர்ன் இன்றே கடைகளில் கிடைக்கும் என்று கலின்ஸ்கி மேடையில் அறிவித்தார். விலை 399 டாலர். குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டும்தான் சரக்கு போயிருந்தது. விடுபட்ட கடைக்காரர்கள் கொதித்தார்கள், சிலர் செகா பொருளையே தூக்கினார்கள். செப்டம்பரை நம்பிக் கேம் செய்துகொண்டிருந்த கம்பெனிகளிடம் விற்கச் சரக்கு இல்லை. அன்று சோனி சார்பில் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல். பிளேஸ்டேஷன் பத்து கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியைத் தொடவில்லை. 1997ல் செகா ஆஃப் அமெரிக்காவின் பெர்னி ஸ்டோலார், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். வீட்டில் சாட்டர்ன் வைத்திருந்தவர்களும் அதைப் படித்திருப்பார்கள் இல்லையா?

*

1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளியான ட்ரீம்காஸ்ட் உண்மையிலேயே நல்ல பெட்டி. 199 டாலர், உள்ளேயே இணையத்துக்கான மோடம், முதல் நாளிலேயே அட்டகாசமான விற்பனை. முன்பு செய்த தப்பு ஒன்றையும் இதில் செய்யவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அதற்குள் வாங்குபவர்கள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது, டிவிடி படம் ஓடுமாம், பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் அதிலேயே ஓடுமாம் என்றார்கள். பழசைத் தூக்கிப்போட வேண்டாம் என்று சோனி சொன்னது. இதற்கு முன்னால் மூன்று முறை பழசைத் தூக்கிப்போடச் சொன்ன கம்பெனி செகா. பலர் காத்திருக்க முடிவு செய்தார்கள். ஜெனிசிஸைத் தூக்கி நிறுத்திய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடச் செய்யவில்லை.

2001 ஜனவரி 31 அன்று, இனி கன்சோல் செய்யப்போவதில்லை என்று செகா அறிவித்தது. கம்பெனி மூழ்காமல் இருக்க, அதன் தலைவர் ஒகாவா இசாவோ சுமார் 8,500 கோடி யென் மதிப்புள்ள தன் சொந்தச் சொத்தைக் கொடுத்தார். மார்ச்சில் அவர் இறந்துபோனார். கம்பெனிக்கு அதன் தலைவர் செய்ததைக் கம்பெனி தன்னை வாங்கியவர்களுக்குச் செய்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

அந்த டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு ஒரு கேம் வந்தது. சோனிக் அட்வெஞ்சர் 2 பேட்டில். 1991ல் பத்து வயதில் செகா கட்சியில் சேர்ந்து மரியோ பையன்களோடு சண்டை போட்டவனுக்கு அப்போது இருபது வயது. அதை விளையாட வேண்டுமென்றால் அவன் கடைக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நின்டெண்டோ பெட்டி கேட்கவேண்டும்.